மூடிக்குப் பின்னால் உருண்ட பகடை

வின்சென்ட் அண்ணன் பொய் சொல்கிறார் என்பதை மாதா படத்தின் கண்ணாடியில்தான் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அந்தப் படத்தை வாசல் பக்கச் சுவரிலிருந்து கழற்றி, அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். ஆணியில் தொங்கி முன்னால் சாய்ந்து நிற்கும் பெரிய படம். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு அதில் மாதாவின் நீல முக்காடு தெரிந்தது. முக்காட்டின் மேல் மேஜை தெரிந்தது. மேஜையில் அவர் உருட்டிய பகடையும் தெரிந்தது. பகடையில் இருபது.

"ஏழு," என்றார் வின்சென்ட் அண்ணன். "வெள்ளச்சி தப்பிச்சிட்டா."

வெள்ளச்சி என்பது நான்தான். இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒரு பகடைக்காகவா இவள் இந்தக் குதி குதித்தாள் என்பீர்கள். ஐந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஒரு கதைக்குள் போகும் ஆட்டம் இது. ஒருவர் மாஸ்டர். காடு, கோட்டை, அரக்கன், சத்திரக்காரன் எல்லாமே அவர். மற்ற நான்கு பேரும் ஆளுக்கொரு வீரர். நான் என்ன செய்கிறேன் என்பதை வாயால் சொல்வேன். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் நடக்கும். அரக்கன் நம்மை அடிப்பதற்கும் அதே பகடைதான், அதை மாஸ்டர் உருட்டுவார். அடி விழுந்தால் அவரவர் தாளில் எழுதிய உயிர்ப் புள்ளி குறையும், தீர்ந்தால் ஆள் செத்தான். நாங்கள் உருட்டுவது எல்லோர் கண்ணுக்கும் எதிரில். மாஸ்டர் உருட்டுவது மட்டும் ஒரு மறைப்புக்குப் பின்னால். பெங்களூரில் அதற்கென்று அட்டை விற்கிறார்களாம். பழவேற்காட்டில் எங்களுக்கு மீன் பெட்டியின் தெர்மோகோல் மூடிதான்.

வின்சென்ட் அண்ணன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தபோது இதைக் கற்றுக்கொண்டு வந்தார். இப்போது பொன்னேரியில் ஒரு காலேஜ் லேபில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, இரண்டு மணிக்கு அவர் வீட்டு மாடியில் கூடுவோம். நாலு வருஷமாக இது நடக்கிறது. நாலு வருஷமாக அங்கே சண்டையும் நடக்கிறது, ஏனென்றால் எங்களில் ஒருவருக்கும் அடுத்தவர் ஆடும் விதம் பிடிக்காது.

அவர் மனைவி ஜாக்குலின் அக்காவுக்கு ஆட்டம் என்றால் நாடகம். மருந்துக்கடையில் ஆறு நாள் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு ஏழாம் நாள் மந்திரக்காரி மார்கரீத்தா ஆகிவிடுவார். குரலை மாற்றிப் பேசுவார், அழுவார். ஒரு தடவை சத்திரக்காரனின் செத்துப்போன பெண்டாட்டியைப் பற்றி அவனிடம் முக்கால் மணி நேரம் துக்கம் விசாரித்தார். சத்திரக்காரன் வின்சென்ட் அண்ணன்தான். புருஷனும் பெண்டாட்டியும் மாற்றி மாற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், நாங்கள் மூன்று பேரும் மிக்சர் தின்றோம்.

கோட்டைக்குப்பத்து லோகேஷ் ஐஸ் வண்டி ஓட்டுபவன். அவனுக்கு அடிதடி தவிர எதுவும் வேண்டாம். வழியில் பூசாரி வந்தாலும் குத்துவான், பால்காரி வந்தாலும் குத்துவான். "பேசினது போதும், அடிக்கலாமா?" என்பது அவன் வாயில் ஓயாமல் வரும்.

நான் கழி வைத்து ஆடுபவள். வெள்ளச்சி கையில் ஈட்டி இருக்கிறது, ஆனால் அதைவிட முக்கியம் அவளுடைய மூங்கில் கழி. ஓர் அறைக்குள் நுழையும் முன் தரையைத் தட்டிப் பார்ப்பேன். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எவ்வளவு ஆழம், ஓடுவதற்கு வழி எது என்று கேட்பேன். என்னால் ஆட்டம் ஆமை மாதிரி நகர்கிறது என்று லோகேஷ் கத்துவான். கத்தட்டும். நாலு வருஷத்தில் வெள்ளச்சி ஒரு தடவைகூடச் சாகவில்லை. முதல் நாள் எழுதிய அதே தாள், அழித்து அழித்துத் தேய்ந்துபோன தாள், ஒன்பதாம் லெவல் வரை வந்துவிட்டது. எனக்கு அதில் பெருமை உண்டு. அளவுக்கு மீறிய பெருமை என்றும் சொல்லலாம்.

என் தம்பி தீனா எனக்கு நேரெதிர். எதையும் பார்க்காமல் முன்னால் ஓடுவான், அடி வாங்குவான், சாவான். அவன் ஆள் பெயர் புயல்வீரன். முதல் புயல்வீரன் பாலத்தில் செத்தான். அடுத்து புயல்வீரன் ரெண்டு, அவன் குகையில் செத்தான். புயல்வீரன் மூணு போன ஆடியில் செத்தான். இப்போது ஆடுவது புயல்வீரன் நாலு. புதுப்பெயர் வைக்கக்கூடச் சோம்பல். இதைச் சொல்லிச் சொல்லி நான் அவனை ஓட்டாத ஞாயிறு கிடையாது. "மூணு தபா செத்தும் புத்தி வரலயே உனக்கு" என்பேன். அவன் பல்லைக் காட்டுவான்.

அவன்தான் என்னை அங்கே கூட்டிப் போனவன். நான் எண்ணூர்ப் பக்கம் வாழப்போய் பதினாலு மாதத்தில் திரும்பி வந்த வருஷம் அது. ஏன் வந்தேன் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. வந்ததிலிருந்து ஊர் முழுக்க என்னிடம் ஒரே மாதிரி நடந்துகொண்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்காமலே இரண்டு வடை வைப்பார்கள். தண்ணீர் லாரி வந்தால் என் குடத்தை முன்னால் தள்ளிவிடுவார்கள். நான் வேலை செய்யும் நண்டு ஷெட்டில் நான் தாமதமாகப் போனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பாவம், பாவம், பாவம். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். என்னைத் திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த மாடியில்தான் எனக்கு யாரும் வடை வைக்கவில்லை என்று நினைத்திருந்தேன். கதையில் வரும் சேற்றரக்கனுக்கு நான் வாழாமல் வந்தவள் என்று தெரியாது. அவன் பகடை விழுந்தபடி அடிப்பான், விழாவிட்டால் விடுவான். அந்த நம்பிக்கையில்தான் நாலு வருஷம் போனேன்.

இப்போது மாதா முக்காட்டில் இருபது தெரிகிறது, காதில் ஏழு கேட்கிறது.

நான் உடனே கத்தவில்லை. கழி வைத்து ஆடுபவள் அல்லவா. தாளைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஜாக்குலின் அக்காவின் தம்பி சென்னையிலிருந்து எலுமிச்சம்பழ அளவுக்குப் பெரிய பகடை வாங்கிக் கொடுத்திருந்தான், எண்ணெல்லாம் வெள்ளையில் பளிச்சென்று. கண்ணாடியில் திரும்பித் தெரிந்தாலும் படிக்க முடிந்தது.

அடுத்த அடி தீனாவுக்கு. கண்ணாடியில் நாலு. "பதினெட்டு," என்றார் அண்ணன். "புயல்வீரனுக்கு நெஞ்சுல அடி. பதினொரு புள்ளி கொறச்சிக்கோ." லோகேஷுக்குப் பன்னிரண்டு விழுந்தது, பன்னிரண்டு என்றே சொன்னார். ஜாக்குலின் அக்காவுக்குப் பதினைந்து, பதினைந்து என்றே சொன்னார். மறுசுற்றில் எனக்குப் பதினேழு விழுந்தது. "அஞ்சு. தப்பிச்சிட்ட." தீனாவுக்கு ஆறு விழுந்தது. "பத்தொன்பது. மறுபடியும் தீனாவுக்குத்தான்."

"இன்னா பண்றது, என் ராசி அப்டி," என்று தீனா தன் புள்ளியை அழித்தான். எப்போதும் போல நான் ஏதாவது சொல்லி ஓட்டுவேன் என்று என்னைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"அண்ணா, மூடிய எடுங்க," என்றேன்.

"எதுக்கும்மா?"

"எடுங்கன்றேன்ல."

நான் எழுந்து போய் நானே எடுத்தேன். பகடை அங்கே ஆறைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அவர் சட்டென்று கையால் மூடினார். சின்னப் பிள்ளை மிட்டாயை மறைப்பது போல மூடினார், அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. தாளின் பின்பக்கத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மாதா படத்தையும் காட்டினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜாக்குலின் அக்கா பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எனக்கும் மாத்துனீங்களாண்ணா?" என்று முதலில் கேட்டவன் லோகேஷ்.

"உனக்கு ஒண்ணும் மாத்தலடா."

"ஏன் மாத்தல?" என்றான் லோகேஷ், அதற்கும் அவனுக்குக் கோபம்.

வின்சென்ட் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு லேபில் பையன்களுக்குச் சொல்வது மாதிரி ஆரம்பித்தார். "இத பாரும்மா, மாஸ்டருக்கு அந்த உரிமை இருக்கு. புத்தகத்துலயே போட்டிருக்கான். பகடை ஒரு உதவிக்குத்தான். கதை கெட்டுப்போகாம கொண்டு போறதுதான் மாஸ்டர் வேல."

"எது கதை? நான் சாகாம இருக்கறது கதையா?"

"நாலு வருஷமா வளத்த கேரக்டர் ஒரு பொசுக்குனு போற அடியில செத்தா நல்லாவா இருக்கும்?"

"அப்ப தீனாவோட ஆளு பொசுக்குனு போனா நல்லா இருக்குமா? மூணு தபா போச்சே!"

"அர்ச்சனா," என்று ஜாக்குலின் அக்கா என் கையைப் பிடித்தார். "இன்னாத்துக்கு இவ்ளோ கோவம்? நாம இங்க வர்றதே கொஞ்ச நேரம் சந்தோஷமா இருக்கலாம்னுதானே. எனக்கு பகடையே வேணாம்னு நான் எவ்ளோ நாளா சொல்றேன். பேசிக்கினே போலாம், அழகா போலாம். யாரும் சாக வேணாம்."

"உங்களுக்கு வேணாம்க்கா. எனக்கு வேணும். உங்களுக்கு அழணும், இவனுக்கு அடிக்கணும். எனக்கு அது ரெண்டும் வேணாம். நான் பாத்து வெச்ச காலு சரியா தப்பான்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் நான் வரேன். நீங்க யாருமே பொய் சொல்லாத எடம்னு வரேன்."

"ஆட்டம்தானே," என்றார் அண்ணன்.

"ஆட்டத்துலயே இவ்ளோ உடான்ஸ் உடறீங்களே."

எங்கள் ஊரில் ஏரியில் வலை போடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். நல்ல பாடு கிடைத்தவன் இறால் அள்ளுவான், கெட்ட பாடு கிடைத்தவன் பாசி அள்ளுவான். அதனால் சீட்டு எடுப்பவன் முழங்கைக்கு மேல் சட்டையை மடித்து, உள்ளங்கையை ஊருக்குக் காட்டிவிட்டுத்தான் பானைக்குள் கை விடுவான். துண்டால்கூடப் பானையை மறைக்கக் கூடாது. அந்தச் சீட்டு ஆம்பளைகளுக்குத்தான். தீனாவுக்குப் பதினெட்டு முடிந்ததும் பெயர் ஏறியது. எனக்கு எந்த வயதிலும் ஏறாது, பின்னால் நின்று வேடிக்கை பார்க்கலாம். என் கையால் எடுத்து என் தலையில் விழுகிற ஒன்று எனக்கு இருந்ததென்றால் அது அந்த மாடியில்தான் இருந்தது. அதையும் மீன் பெட்டி மூடிக்குப் பின்னால் வைத்து மாற்றியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் அங்கே சொன்னேன், இவ்வளவு ஒழுங்காக இல்லை, கத்திச் சொன்னேன். கீழ் வீட்டிலிருந்து யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். நல்ல மனுஷர் என்று பெயரெடுத்த வின்சென்ட் அண்ணனை நான் ஏமாற்றுக்காரர் என்றேன். என் மேல் இரக்கப்பட்டு எனக்கு வடை வைத்ததாகச் சொன்னேன். வடை என்னவென்று அவருக்குப் புரியவில்லை, ஆனால் ஏமாற்றுக்காரர் புரிந்தது. முகம் சிவந்து எழுந்துவிட்டார்.

"போதும்மா! நானா பண்ணேன்? எனக்கு இன்னா வந்துச்சு? உன் தம்பியக் கேளு!"

"அண்ணா," என்றான் தீனா.

"இன்னா அண்ணா? நாலு வருஷமா உனக்காகப் பொய் சொல்லி நான் கெட்ட பேரு வாங்கணுமா? சொல்லு அவகிட்ட."

தீனா பென்சிலைக் கீழே வைத்தான். இருபத்திநாலு வயசு, மீசை வைத்த ஆள், தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான்க்கா சொன்னேன். நீ வந்த மொத நாளே சொல்ட்டேன். அக்காவுக்கு வர்ற அடிய எனக்குப் போட்ருங்கன்னு."

"எதுக்கு?"

"நம்ம ஊர்ல பாடு மாத்திக்கறதில்லயா? ஒருத்தனுக்கு முடியலன்னா அவன் பாட்ட அவன் தம்பி எடுத்துக்கறான்ல. அது மாதிரிதான். உனக்கு விழறது நம்ம வீட்டுக்கு விழறதுதானே. யாரு வாங்குனா இன்னா?"

அவன் அதைச் சொன்ன விதத்தில் ஒரு துளிகூடக் கள்ளமில்லை. அந்த ஆட்டத்தை எந்த ஊரில் யார் ஆடினாலும் இப்படி ஒரு விதி இருப்பதாக நினைத்திருக்கமாட்டார்கள். இவன் நினைத்திருக்கிறான். அடியும் பாடு மாதிரி, குடும்பத்துக்குள் கைமாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, மாஸ்டரையும் நம்பவைத்து, நாலு வருஷம் என் அடியை வாங்கியிருக்கிறான். பாலத்தில் செத்தது நான். குகையில் செத்தது நான். போன ஆடியில் செத்ததும் நான். ஒவ்வொரு தடவையும் நான் அவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். என் கழி, என் நிதானம், என் ஒன்பதாம் லெவல் எல்லாம் அவன் முதுகில் ஏறி வந்தவை. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததும் கோபம் இரண்டு மடங்கானது.

"பாடு மாத்தணும்னா யாரு சொல்லணும்?" என்று கேட்டேன்.

"இன்னா?"

"நீதானே சீட்டுல இருக்க. உனக்குத் தெரியும்ல. பாடு மாத்திக்கணும்னா யாரு வாயால சொல்லணும்?"

லோகேஷ் சொன்னான். அவனும் சீட்டில் இருப்பவன். "குடுக்கறவன்தான் சொல்லணும். ஊர் முன்னாடி சொல்லணும். எடுத்துக்கறவன் சொன்னா செல்லாது. அது திருட்டு."

"நான் சொன்னேனாடா?"

"இல்லக்கா," என்றான் தீனா.

அவர்கள் ஊர்ச் சட்டத்தையே எடுத்து அவர்கள் தலையில் போட்டேன், ஜாக்குலின் அக்காகூட மிக்சர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்தார். தெர்மோகோல் மூடியை மேஜை நடுவில் மல்லாத்தி வைத்தேன். இனிமேல் அதற்குள்தான் உருட்ட வேண்டும், எல்லோரும் பார்க்க உருட்ட வேண்டும் என்றேன். அதற்கு முன்னால் இன்று எனக்கு விழுந்த இருபதும் பதினேழும் எனக்கே வர வேண்டும், தீனாவின் புள்ளி தீனாவுக்குத் திரும்ப வேண்டும்.

"உனக்கு முப்பத்தொண்ணு இருந்துச்சு," என்று வின்சென்ட் அண்ணன் வெறுப்போடு சொன்னார். "ரெண்டு அடிக்கும் சேத்து இருபத்திரெண்டு. ஒம்பது மிச்சம். இன்னொரு அடி விழுந்தா நீ காலி. அப்புறம் என்கிட்ட வந்து அழாத."

"நான் எப்ப உங்ககிட்ட அழுதேன்?"

அதற்கு மேல் விளையாட்டு எதுவும் அதில் மிச்சமில்லை. நாலு பேரும் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்கள், நானும் முறைத்தேன். ஆனால் நான் வீம்புக்கு ஆடவில்லை, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். முன்னால் பாய்ந்து ஈட்டியால் குத்திச் சாகலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அது லோகேஷ் ஆட்டம். நான் என் ஆட்டத்தையே ஆடினேன். முதுகு காட்டி ஓடினால் அரக்கன் கை எட்டும். அதனால் கழியால் தரையைத் தட்டி, உடையாத கல் எது என்று கேட்டு, அன்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த மூழ்கிய கோட்டையின் தூணுக்குப் பின்னால் வெள்ளச்சியை நகர்த்தினேன். கேடயத்தைத் தூக்கிப் பிடித்தேன். முன்பு என்னை அடிக்க அரக்கனுக்குப் பதினாலு விழுந்தால் போதும், இப்போது பதினேழு வேண்டும். அதற்கு மேல் ஒரு மனுஷி செய்வதற்கு ஒன்றுமில்லை.

வின்சென்ட் அண்ணன் பகடையைக் கையில் எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கீழே வைத்துவிட்டு, முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்து, உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே காட்டினார். கிண்டலாகத்தான் காட்டினார். நான் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன்.

"நான் குறுக்க வரேன்!" என்று தீனா எழுந்தான். "புயல்வீரன் குறுக்க பாயறான். அது ரூல்ஸ்ல இருக்கு. பக்கத்துல இருக்கறவன் குறுக்க வரலாம். திருட்டு இல்ல, எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

உண்மையிலேயே அப்படி ஒரு விதி இருக்கிறது. பக்கத்தில் நிற்பவன் அடியை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அடி யாருக்கோ அவர் சம்மதிக்க வேண்டும். வின்சென்ட் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"சம்மதமா?"

நாலு வருஷத்தில் முதல் தடவையாக என்னைக் கேட்டார்கள்.

"இல்ல," என்றேன்.

"அக்கா, வேணாங்கா."

"உக்காருடா."

பகடை மூடிக்குள் விழுந்தது. தெர்மோகோலில் சத்தமே வரவில்லை. மூலைக்கு உருண்டு, ஓரத்தில் முட்டி, நின்றது. பதினெட்டு. அடியின் அளவுக்கு இன்னொரு சின்னப் பகடை உருட்டினார், அது பன்னிரண்டு என்றது. எனக்கு ஒன்பதுதான் இருந்தது.

எனக்கு வலித்தது. ஒரு தாளுக்காகவா என்று கேட்டால் ஆமாம், ஒரு தாளுக்காகத்தான். அந்த நாலு வருஷத்தில் நான் செத்துப் பிழைத்ததெல்லாம் அந்தத் தாளில்தான். அவர்கள் முன்னால் அழக்கூடாதென்று மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் வலிக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. தூணுக்குப் பின்னால் போனது சரிதான். கேடயம் தூக்கியது சரிதான். சரியாகச் செய்தும் விழுந்தது. அது என் அடி, எனக்கு விழுந்தது, நானே வாங்கினேன்.

"பக்கத்து ஊர்க் கோயில்ல ஒரு பூசாரி இருக்காரு," என்று ஜாக்குலின் அக்கா மூக்கை உறிஞ்சினார். "அவரு செத்தவங்கள எழுப்புவாரு. இல்லீங்க? சொல்லுங்களேன்."

"எவனும் என்ன எழுப்ப வேணாம்," என்று தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தேன். "அடுத்த வாரம் புது ஆளு எழுதிட்டு வரேன். மொத லெவல்லருந்து. மூடி இப்படியே மல்லாந்து இருக்கணும். இல்லன்னா சொல்லுங்க, நான் வரல."

வின்சென்ட் அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். நான் செருப்பு மாட்டும்போது லோகேஷ் மட்டும், "நல்ல சாவுக்கா," என்றான். அவனிடமிருந்து அது பெரிய வார்த்தை.

வண்டி என்னுடையது. தீனா பின்னால் ஏறினான். பஜார் தாண்டி, பாலம் தாண்டி, இரண்டு பக்கமும் தண்ணீர் தெரியும் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். இன்னும் வெளிச்சம் இருந்தது, ஏரியில் இரண்டு மூன்று படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அவன் உடம்பு குலுங்குவது என் முதுகில் தெரிந்தது. முதலில் ரோட்டுப் பள்ளம் என்று நினைத்தேன். பிறகு ஓரமாக நிறுத்தினேன்.

"இன்னாடா?"

"எனக்கு முன்னாடியே தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"அந்த ஆளு குடிச்சிட்டு கை நீட்டுவான்னு. உன் கல்யாணத்துக்கு பத்து நாள் முன்னாடி எண்ணூர் பசங்க சொன்னாங்க. நைனா வாக்கு குடுத்துட்டாரு, பத்திரிகை அடிச்சாச்சு. நான் கம்னு இருந்துட்டேன்." மூக்கைச் சட்டையில் துடைத்தான். "அங்க உனக்கு விழுந்ததெல்லாம் என்னாலதான். இங்கயாவது எனக்கு விழட்டும்னு..."

வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அதை அணைத்தேன். அந்தப் பதினாலு மாதத்தில் என் மேல் விழுந்த ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, எந்தக் கை, எந்தப் பக்கம் என்பது உட்பட. நான் கழியால் தட்டிப் பார்க்காமல் கால் வைத்த ஒரே இடம் அதுதான். தட்டிப் பார்க்க எனக்குக் கழி கொடுக்கவில்லை. இவன் கையில் கழி இருந்திருக்கிறது.

"நைனாகிட்ட சொல்ல பயந்த, சரி. என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்க்கா."

"அத வுட்டுட்டு, தாள்ல பென்சிலால எழுதுன ஒருத்திக்கு விழற அடிய வாங்கிக்கினு இருந்தியா, நாலு வருஷமா?"

அவன் இப்போது வெளிப்படையாகவே அழுதான். மீசைக்காரன், பாடு சீட்டில் பெயர் இருக்கிறவன், நடு ரோட்டில் தேம்பினான். சைக்கிளில் போன ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

"எறங்கு," என்றேன்.

இறங்கினான்.

"நீ இன்னாத்துக்குடா அழற? செத்தது நானு."

வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான், பிறகு ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தான். எங்கள் குப்பத்துக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் இருந்தது. நடக்கட்டும்.